மாலுமி திரும்பிப் பார்த்தாரா?

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி அவர்களுக்கு,

('சம்பந்தி' என்று இப்போதே எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க, அடிக்கிறதா இருந்தா அவரே அடிச்சுக்கட்டும்" என்றாள். எழுதிவிட்டேன்.)

இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். அங்கே உங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் நலமும், மாப்பிள்ளையின் நலமும், உங்கள் கடை அலமாரியில் வரிசையாக உட்கார்ந்து வருவோர் போவோரையெல்லாம் முறைத்துக்கொண்டிருக்கும் மூக்குக்கண்ணாடிகளின் நலமும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நடந்ததற்கு முழு மனதோடு மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மகள் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாங்கிப் படித்துப் பார்ப்பாளாம். இன்னும் இரண்டு மாதத்தில் அவளும் உங்கள் மகனும் வேலைக்காகக் கடல் தாண்டிப் போகவேண்டும், அதற்குள் கல்யாணம் நடந்தாகவேண்டும். "ரெண்டு பெரியவங்க சினிமா பத்திச் சண்டை போட்டு என் கல்யாணம் நின்னுச்சுன்னு நான் யார்கிட்டப்பா சொல்லுவேன்?" என்று அவள் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தானே மன்னிப்புக்கும் ஒரு மரியாதை? அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் வந்தது கல்யாணப் பேச்சுக்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச்சுவரில் 'தூரத்து விளக்கு' விண்வெளிப் பட வரிசையின் முதல் படத்து விளம்பரத் தாள், அந்தக் காலத்து அசல், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்! என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த என் மனைவி என் முதுகில் மோதி, பழக்கூடை சரிந்து, ஆரஞ்சுப் பழங்கள் உங்கள் சோபாவுக்கு அடியில் ஓடின. நீங்கள் அவற்றைப் பார்க்கவேயில்லை. "சார், நீங்களுமா?" என்றீர்கள். "பத்தொன்பது வயசுலேருந்து" என்றேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். "பேச்சு முடிஞ்ச மாதிரிதான்" என்று பெண்கள் இருவரும் சிரித்தார்கள். அப்போதே தேதியைக் குறித்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். விதி யாரை விட்டது, மூன்றாம் படத்தின் கதவைப் பற்றி நான் வாயைத் திறந்தேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் ஆறு படங்களிலும் தூங்கிவிட்டதாகச் சொன்ன சம்பந்தியம்மாவும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். மூன்றாம் படத்தின் முடிவில் விண்கப்பல் உடைந்துபோன நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். கப்பலின் கதவை வெளியே நின்று கைப்பிடியைத் தள்ளினால்தான் மூட முடியும். (அப்படி ஒரு கதவை எந்த மடையனும் செய்யமாட்டான். முப்பத்தொன்பது வருடம் லிப்ட் கதவுகளோடு மாரடித்தவன் சொல்கிறேன். அந்தப் படத்தை எடுத்தவர் என்பதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.) கப்பலின் சமையல்காரம்மா, அதுவரை இரண்டு படமாகச் சூப் ஊற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யாதவள், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நின்றுவிடுகிறாள். மாலுமி உள்ளே நடக்கிறார். நமக்கு அவர் முதுகுதான் தெரிகிறது. கதவு நான்கு விநாடியில் மூடுகிறது. அவ்வளவுதான். பாட்டில்லை, வசனமில்லை. எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், அந்த நான்கு விநாடி போல ஒன்று என் நெஞ்சைப் பிசைந்தது கிடையாது.

இருபது வருடம் கழித்து அதே படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, படைத்தவர், அதாவது நாம் எல்லாரும் 'பெரியவர்' என்று சொல்கிறவர், அந்த நான்கு விநாடியில் மாலுமி தலையைத் திருப்பி அவளைப் பார்க்கும்படி செய்துவிட்டார். உலகமே இரண்டுபட்டது. கேட்டதற்கு அவர், "மாலுமி முதலிலிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டுதான் போனார். உங்கள் கண்ணில் படவில்லை. இப்போது படும்படி செய்தேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பெரியவர் பொய் சொல்கிறார், பழைய படத்தில் தலை திரும்பவேயில்லை, திரும்பாததுதான் அதன் பெருமை என்பது என் கட்சி. பழைய படத்திலும் தலை திரும்பியது, இருட்டில் தெரியவில்லை, பெரியவர் வெளிச்சம் மட்டும் கூட்டினார் என்பது உங்கள் கட்சி. அதை நீங்கள் சொன்ன விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்களுக்குக் கண்ணு எப்படி?" என்று கேட்டீர்கள். கேட்டதோடு விட்டீர்களா? கல்யாணம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா எழுத்துத் தாளை எடுத்துவந்து பெண்ணின் அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்தது சரித்திரத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். நானும் விடவில்லை. கடைசி வரிவரை வாசித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தேன். நீங்கள் தாளைச் சுருட்டிக்கொண்டே, "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பாக்கத்தான் தெரியல" என்றீர்கள். அந்த வார்த்தை என்னை எங்கேயோ தொட்டுவிட்டது.

அதனால்தான் உங்கள் கட்டடத்து லிப்டுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன். நான்கு விநாடியில் மூடும் கதவுக்குள், அவ்வளவு கனமான உடையோடு, ஒரு மனிதன் திரும்பவே முடியாது என்று கையோடு நிரூபிக்க நினைத்தேன். ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய சாவி ஒன்று என் கொத்தில் இன்னும் இருக்கிறது. அதைக்கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூன்று விநாடியில் மூடும் உங்கள் லிப்ட் கதவை நான்கு விநாடிக்கு மாற்றினேன். நான் மாலுமி. கனத்துக்காக உங்கள் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். நீங்கள் மூலையில் நடுவர். தேநீர்த் தட்டோடு வெளியே நின்ற என் மகள்தான் சமையல்காரம்மா. நான் உள்ளே நடந்து பின்சுவரைப் பார்த்து நின்றேன். கதவு மூட ஆரம்பித்தது. பின்சுவர்க் கண்ணாடியில் என் மகள் தெரிந்தாள். 'ஐயோ அப்பா' என்று உதட்டை அசைத்தாள். கண்ணாடியில் அவள் மெலிந்து மெலிந்து ஒரு கோடாகிப் போனாள். கதவு மூடியது. "பாத்தீங்களா, திரும்ப முடியல" என்றேன். "முடியலயா, திரும்பலயா?" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் லிப்ட் அரை மாடி இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கும் அணைந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நாம் இருவரும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். கும்மிருட்டு. நீங்கள் மெல்ல, "முதல் படம் ஆரம்பிக்கிற மாதிரியே இருக்கு, இல்ல?" என்றீர்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. முதல் படம் ஒரு முழு நிமிடம் வெறும் இருட்டாகத்தானே தொடங்கும்? அந்த நாளில் தியேட்டரில் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் திரையின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு விளக்கு. விசில் தானாக அடங்கியது. பக்கத்து ஆள் வாயில் போட்டதை மெல்ல மறந்தான். இவ்வளவு பெரிய இருட்டில் யாரோ ஒருத்தர் விளக்கேற்றி வைத்துவிட்டு நமக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பகலெல்லாம் லிப்ட் குழிக்குள் எண்ணெய்க் கறையோடு கிடந்த எனக்கு, மேலே பார் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நீங்களும் அதே வருடம், வேறெங்கோ ஒரு தியேட்டரில், அதே மாதிரி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்து லிப்டின் அவசர விளக்கு, ஓரத்தில், கடுகளவுக்கு, எரிந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம். யார் கையை யார் முதலில் பிடித்தது என்பது தெரியாது.

அவசர மணியை அழுத்தியபோது ஒலிபெருக்கியில் பேசிய அம்மா, "உள்ளே இருக்கிறவங்க பதற்றப்படாதீங்க, எதையும் தொடாதீங்க" என்று ஆரம்பித்தார். நான் பேரைச் சொன்னதும், "சார், நீங்களா? எங்களுக்கெல்லாம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் ஆச்சே!" என்றார். அந்தப் பெட்டிக்குள் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். நாம் இருவரும் கைகோத்து நிற்பதை இரண்டு குடும்பமும் பார்த்தது. நீங்கள் என் கையைச் சட்டென்று உதறிவிட்டு, "பாவம், கொஞ்சம் பயந்துட்டார்" என்றீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "திருத்தின படத்தைப் பாத்து அழற ஆளு வீட்டுக்கெல்லாம் நான் பொண்ணைக் குடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "மாலுமி திரும்பினார்னு எழுத்துல குடுங்க, அப்புறம் தேதி பாக்கலாம்" என்று நீங்களும் சொல்லிவிட்டீர்கள். என் மகள் தேநீர்த் தட்டோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இனிமேல்தான் மன்னிப்பு. நேற்று மதியம் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பழைய படத்தின் கேசட்டைப் போட்டேன். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நாற்பது தடவைக்குக் குறையாமல் பார்த்த படம், சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று. அந்த இடம் வந்தது, போனது. "பாத்தியா? திரும்பல!" என்று தொடையைத் தட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க திரையைப் பாக்கவே இல்ல" என்றாள். என்ன உளறல் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கே தெரிந்தது, சம்பந்தி. அந்தக் கைப்பிடியைச் சமையல்காரம்மா தொடும்போது என் தலை தானாகப் பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் இருக்கிறவள் அழுகிறாளா என்று பார்க்க. "நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போலேருந்து இதே கதைதான். நீங்க பாப்பீங்கன்னே நான் அழுவேன்" என்றாள். சமையலறையிலிருந்து என் மனைவி, "எனக்கும் அதேதான். கல்யாணமான புதுசுல தியேட்டர்ல பாத்தப்போ, கதவு மூடுற நேரத்துல என் மூஞ்சியத்தான் பாத்தாரு" என்று குரல் கொடுத்தாள்.

நாற்பது தடவை பார்த்தேன் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டவன், அந்த நான்கு விநாடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாக்கத் தெரியல என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. மாலுமி திரும்பினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் திரும்பினார். பெரியவர் சொன்னால் திரும்பினார். இதோ, எழுத்தில் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒரே மகன், எனக்கு ஒரே மகள். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஏறப்போகிறார்கள். நாம் சண்டை போட வேறு நல்ல விஷயம் இல்லாமலா போகும், ஐந்தாம் படம் இருக்கிறதே. தயவுசெய்து தேதியைக் குறியுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய மனம் நிறைந்த ஆசிகள். சோபாவுக்கு அடியில் இரண்டு ஆரஞ்சுகள் இன்னும் கிடக்கும், அவற்றுக்கும் விசாரிப்புகள். உங்கள் கோட்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கண் நன்றாக இருந்தும் பார்க்கத் தெரியாத
உங்கள் சம்பந்தி

பி.கு. மேலே எழுதிய மன்னிப்பைத் தயவுசெய்து அடித்துவிடவும். இன்று காலை, மகள் வேலைக்குப் போனதும், என் மனைவியை என் பின்னால் நிற்கச் சொல்லி, இரண்டு கையாலும் என் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அந்த நான்கு விநாடியை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். மாலுமி திரும்பவில்லை. ஒரு நூல்கூட இல்லை. உங்கள் கட்சி தோற்றது. என் கட்சியும் தோற்றது. எப்படி என்று கேட்பீர்கள். மாலுமிக்கு எதிரே, கருவிகளுக்கு மேலே, கறுப்பாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் சமையல்காரம்மா தெரிகிறாள். கதவு மூட மூட மெலிந்து கோடாகிப் போகும்வரை தெரிகிறாள். மாலுமியின் கண்ணும் அதே கண்ணாடியில் தெரிகிறது. அது அவளை விட்டு அசையவேயில்லை. முப்பத்தொன்பது வருடம் லிப்டுக்குள் பின்சுவர்க் கண்ணாடி மாட்டியவன், பின்னால் நிற்பவர் தெரியட்டும் என்றே அதை மாட்டியவன், உங்கள் லிப்டில் என் மகளை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றவன், எனக்கே உறைக்கவில்லை. பெரியவர் பொய் சொல்லவில்லை, சம்பந்தி! மாலுமி முதலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார். பெரியவர் இருபது வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு, இந்த மரமண்டைகளுக்கு இது புரியாது என்றுதான் அந்தத் தலையைத் திருப்பித் தொலைத்திருக்கிறார். என்ன மனுஷன்! நான் அழுதேன், என் மனைவி இன்னும் கன்னத்தை விடவில்லை, கண்ணீர் துடைக்கக்கூட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், கேசட் தயாராக இருக்கிறது, தேதியோடு வாருங்கள். இன்னொன்று. பிள்ளைகள் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் நான் என் மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கண்ணாடிக்கு முன்னால் நின்றால், இந்த ஆளுக்குக் கல் நெஞ்சு என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இடம் இருக்கும். நீங்களும் வந்து நில்லுங்கள்.