டோட்டல் லாஸ் அண்ணனும் ஆறு கம்பிகளும்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, வெள்ளத்துக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கள் தாமான் குடியிருப்பில் மட்டும் அத்தனை பேரும் டோட்டல் லாஸ் அண்ணனின் பார்வைக்குத்தான் பயந்தோம். புது வாஷிங் மெஷின் வாங்கினால் போர்வை போர்த்தித்தான் வீட்டுக்குள் இறக்குவோம். அவர் கண்ணில் பட்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். மெதுவாக "அலமாக்" என்பார், மலாயில் 'ஐயோ' என்று. அதற்கப்புறம் அந்த மெஷினில் துணி போட யாருக்குத் தைரியம் வரும்?

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விபத்தில் நசுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று காப்புறுதிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். தேறாத காருக்கு அந்தத் தொழிலில் 'டோட்டல் லாஸ்' என்று பெயர். நசுங்கினதையே பார்த்துப் பார்த்து அவருக்கு உலகத்தில் இரண்டே வகைதான்: நசுங்கியது, இன்னும் நசுங்காதது. எங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்துவிட்டு, பெண் பக்கம் சேதமில்லை என்றார். மாப்பிள்ளை பக்கத்தைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் பிறவிக் கோழை. மழை நேரத்தில் ஆட்டோ கேட் ரிமோட்டை அழுத்தாதே, மின்னல் கை வழியாக ஏறும் என்று ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து மழை பெய்தால் கேட் ஏறிக் குதித்துத்தான் வீட்டுக்குள் போகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போது, சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு டுரியான் பழ லோரி இடித்தது. எனக்கும் என் மனைவி கிரேஸுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. காரின் பின்பெட்டியில் இருந்த அவளுடைய எலக்ட்ரிக் கிட்டார்தான் அடி வாங்கியது. துணி ஃபேக்டரியில் கிடைத்த முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது. சர்ச்சில் அவள் அதை மீட்டினால் பாஸ்டரே பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். பையைத் திறந்து பார்த்தோம். கிட்டாரின் தலை, கழுத்தோடு சேரும் இடத்தில் முறிந்து கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பில் சாயம் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது.

அடுத்த மாதம் தங்காக் ஊரில் அவள் தங்கைக்குக் கல்யாணம். பெண் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அக்கா வாசிப்பதாகப் பேச்சு. வேறு கிட்டார் இரவல் வாங்கலாமே என்றேன்.

"இது பொழச்சா வாசிக்கிறேன். இல்லன்னா இத்தோட விட்டுர்றேங்க" என்றாள் கிரேஸ்.

கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள். இதே குரலில்தான் ஒருநாள் தேத்தண்ணீரில் சீனியை விட்டாள். இன்றுவரை ஒரு கரண்டி உள்ளே போனதில்லை. வாசிப்பும் அந்தச் சீனி வழியில் போய்விடும் போலிருந்தது.

சாயங்காலம் கார் சேதத்தைப் பார்க்க அண்ணன் தானாகவே வந்தார். கார் விஷயம் நீங்கள் ஊகித்ததுதான். பிறகு, சோபாவில் கிடந்த கிட்டாரைப் பார்த்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'அலமாக்' வரவில்லை. கண்ணைத் திறந்தால் மனுஷன் முறிவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நார் நாரா பிரிஞ்சிருக்கு, நொறுங்கல. இது பொழைக்கும் தங்கச்சி."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

அன்றுதான் அவர் வீட்டு முன்னறைக்குள் முதல் தடவையாகப் போனோம். சுவர் முழுக்க கிட்டார்கள். வெள்ளத்தில் ஊறியது, யாரோ தூக்கிப் போட்டது, இரண்டாக உடைந்தது, எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, ஒட்டி, தேய்த்து, சாயம் அடித்துக் கண்ணாடி மாதிரி மாட்டி வைத்திருந்தார். விடுமுறை நாளில் அதுதான் அவருக்குப் பொழுதுபோக்காம். "இதுல ஒண்ணுகூட இதுவரைக்கும் மறுபடி முறிஞ்சதில்ல தம்பி" என்றார். ஆதாரத்தைக் கண்ணால் பார்த்த திருப்தியில் அறிவியல் ஆசிரியனான நான் தலையாட்டினேன்.

வைத்தியம் ஆரம்பித்தது. முறிவுக்குள் பசை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி, பக்கத்து வீடான எங்களிடம் வந்து, பசை காயும்வரை கதவை அடித்துச் சாத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நான் இரண்டு நாள் தும்மலைக்கூட அடக்கினேன். அடுத்து பழைய சாயத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதற்கடுத்து ஸ்ப்ரே. காற்றில் ஈரம் இருந்தால் லேக்கர் மேல்பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடுமாம். பத்து பாகாட்டில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? மேகத்தைப் பார்த்தாலே அவருக்கு வியர்த்தது. எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக் ரொக்கியா துணி காயப்போட்டால்தான் இவர் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பார். அந்த அம்மா துணியை எடுக்க வெளியே வந்தால் இவரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

ஒருவழியாக மிளகாய்ப்பழச் சிவப்பில் சாயம் ஏறியது. கொசு ஒட்டாமல் இருக்க வெள்ளைக் கொசுவலை சுற்றி, போர்ச்சில் கம்பி போட்டுத் தொங்கவிட்டார். மக்ரிப் நேரத்தில் மக்சிக் ரொக்கியா முட்டை வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். இருட்டுகிற நேரம். வெள்ளைத் துணி, உள்ளே இடுப்பு தெரிகிறது, தலை தெரியவில்லை, காற்றில் மெல்லத் திரும்புகிறது. முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அலறல் கேட்டு வெளியே ஓடினேன். அந்த வலையைக் கட்டிக் கொடுத்ததே நான்தான். இருந்தும், அதைப் பார்த்ததும் திரும்பி ஓடிவந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மக்சிக் வெளியேதான் நின்றார். அந்த அம்மா இன்னமும் என்னோடு பேசுகிறார் என்றால் அது அவருடைய பெருந்தன்மை.

கல்யாண வாரம் வந்தது. கிட்டார் தயார். முறிந்த இடம் எது என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. கம்பி மட்டும்தான் மாட்ட வேண்டும். நாளைக்கு என்றார் அண்ணன். மறுநாள் போனால், பசை இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றார். அதற்கடுத்த நாள் காற்று சரியில்லை என்றார்.  கிரேஸ் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பெட்டியிலிருந்து கிட்டார் வயரை மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் நான் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அவர் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தேன். எந்தக் கிட்டாரிலும் ஒரு கம்பி இல்லை.

"அண்ணே, இதுல எதையுமே நீங்க வாசிச்சுப் பாத்ததில்லையா?"

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த ஒரு கிட்டாரைத் துடைக்க ஆரம்பித்தார். "கம்பிய முறுக்குனா அந்தத் தலையில எவ்ளோ இழுவை தெரியுமா தம்பி? ஒரு ஆளு தொங்குற மாதிரி லா. நான் ஒட்டுனது தாங்குமா தாங்காதா, யாருக்குத் தெரியும்? இப்படியே இருந்தா நல்லாத்தான இருக்கு."

ஊரையே பயமுறுத்திய மனுஷன் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.  ஒன்றுகூட மறுபடி முறிந்ததில்லை என்று அவர் சொன்னது சத்தியம். எதையும் முறிய விட்டால்தானே!

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னேன். கம்பிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

அண்ணன் தடுக்கவில்லை. ஆனால், மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, மகனுடைய ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். முறிந்த தலை கம்பியோடு பறந்து வந்தால் கண்ணைக் குத்திவிடுமாம். நான் மாட்டிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றேன். கிரேஸ் ஹெல்மெட் வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்து, தடித்த கம்பியை மாட்டி முறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு 'கிரீச்'. அந்தச் சத்தம் எந்தக் கிட்டாரிலும் வரும் என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அதை யார் சொல்வது?

"தங்கச்சி, மெதுவா. பயமா இருந்தா விட்டுருவோம். பாக்க அழகாத்தான இருக்கு."

"பாக்குறதுக்கா அண்ணே வாங்குனேன்?" என்றாள் அவள். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால், அடுத்த கம்பியின் முனை துளைக்குள் நுழைய மூன்று தடவை ஆனது.

கடைசி மெல்லிய கம்பி. முறுக்கினாள். இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். 'டக்' என்று ஒரு சத்தம்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போச்சு, போச்சு என்று முனகினார். கிரேஸ் கிட்டாரின் கழுத்தில் விரலை வைத்து, முறிந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எட்டிப் பார்க்கக் குனிந்தபோது என் ஹெல்மெட்டின் கண்ணாடி தானாக விழுந்து மூடியிருந்தது; அந்த 'டக்' அதுதான். அந்தப் பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை, பத்திரிகையைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

வயரை மாட்டி, சின்ன ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, தங்கைக்கு வாசிக்க வேண்டியதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். தலை அசையவில்லை. முடியும்வரை அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நடுவில் ஒரு தடவை அவரும் தன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

தங்காக் மண்டபத்தில் எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். பூப்போட்ட பத்தேக் சட்டைப் பையில் பசைப் புட்டியும் கிளாம்புமாக, அண்ணன் கிட்டாரின் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு கிட்டாராகச் சுவரிலிருந்து இறங்கியது. கம்பியை அவர் மாட்டுவார், முறுக்க கிரேஸைக் கூப்பிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காஹாங் ஊரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இப்போது கிரேஸ் மாதா மாதம் கம்பி மாற்றியதும் "முறியல அண்ணே" என்று ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும். வரவில்லையென்றால் மறுநாள் காலை பஸ்ஸில் கிளாம்புப் பையோடு கேட்டில் வந்து நிற்பார். தலையைத் தடவிப் பார்ப்பார், தேத்தண்ணீர் குடிப்பார், எங்கள் சீலிங் ஃபேன் எந்த நிமிஷம் விழும் என்று என்னிடம் விளக்குவார், சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அதனால் சில மாதங்கள் கிரேஸ் மெசேஜ் அனுப்புவதில்லை. நானும் ஞாபகப்படுத்துவதில்லை.