லூர்துசாமியின் ஒரு வாரக் ‘கண்டிப்பா’

ஈப்போ உரக் கம்பெனியின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷமாக வெந்துகொண்டிருந்த லூர்துசாமிக்கு, மேல்மாடி ஏர்கோன் அறையில் ஓர் இடம் காலி என்று தெரிந்ததும் சோறு இறங்கவில்லை. என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. மேலிடம் அனுப்பிய ஷார்மேன் என்ற பெண் ஒரு வாரம் சுற்றிவந்து, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்வாளாம். வாய்ச்சொல்லை வைத்தே ஆளை எடைபோடுவாளாம்.

"அப்ப உங்களுக்குக் கிடைச்ச மாதிரிதான்," என்றாள் மனைவி பெட்ரீசியா. "எதக் கேட்டாலும் ‘பாக்கலாம்லா’. பொண்ணு பாக்க வந்தப்ப, என்னப் புடிச்சிருக்கான்னு கேட்டதுக்கே அதத்தான் சொன்னீங்க."

அன்றே அவர் அந்த வார்த்தையைத் தலைமுழுகினார்.

திங்கட்கிழமை லாரி ஓட்டும் அர்ச்சுனன் வந்தான். "அண்ணே, சனிக்கிழமை காலைல தெலுக் இந்தான்ல தங்கச்சிக்கு நிச்சயம். நீங்க முன்ன நின்னு நடத்தணும்."

பக்கத்தில் ஷார்மேன். "கண்டிப்பா," என்றார் லூர்துசாமி.

செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் கூட வேலை செய்யும் கோலின் வந்தான். "சித்தியவான்ல புது வீட்டு ஜெபம்ணே. இந்தச் சனிக்கிழமை காலைல, நீங்கதான் நடத்தணும்."

"கண்டிப்பா."

விஷயம் தெரிந்து அர்ச்சுனன் முகம் தொங்கியது. "அப்ப நிச்சயத்தையும் கோலின் வீட்டுலயே வச்சிரலாமாண்ணே?"

"கண்டிப்பா."

கோலின் ஓடிவந்தான். "என் வீட்டுல நாப்பது பேரா? அவங்க சனிக்கிழமை சைவம்லா. விருந்துக்கு வாங்குன ஆட்ட எங்க ஒளிக்கிறது? ஸ்டோர்ல கட்டவா?"

"கண்டிப்பா," என்றார்.

வெள்ளிக்கிழமை உர மூட்டைகளுக்கு நடுவே ஆடு கத்தியது. ஷார்மேன் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், இங்க ஆடு கட்டலாமா?"

"கண்டிப்பா."

மாலையில் முடிவு வந்தது. இடம் பேக்கிங் பகுதி ரூபனுக்கு. வேலை வேணுமா என்று கேட்டதற்கு அவன் "பாக்கலாம்லா" என்றானாம்.

லூர்துசாமி மாடிப்படிக்கு ஓடினார். மேல்மாடிக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் முத்தம்மாவை நிறுத்திக் கேட்டார். "அப்படி என்ன வேலைம்மா அது?"

"சண்டைக்கு வர்ற கஸ்டமர்கிட்ட, ஒரு வாக்கும் குடுக்காம, மனசும் நோகாமப் பேசி அனுப்புற வேலைண்ணே. பேப்பர்ல முதல்ல உங்க பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. திங்கக்கிழமைதான் கோடு போட்டு அடிச்சாங்க."