இன்னும் வராத சர்க்கரை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நலம் என்பது இன்னும் ரத்தம் கொடுக்காதவர்கள் பேசும் பேச்சு என்று இப்போது தோன்றுகிறது. நீயும் அத்தானும் அப்படியே நலமாக இருங்கள்.

எங்கள் நூலகத்தில் ஒரு இலவச ரத்தப் பரிசோதனை நடந்தது. சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே ரத்தத்தில் சில புரதங்களும் கொழுப்புகளும் மாறத் தொடங்குமாம். அதை வைத்து யாருக்கு நோய் வரக்கூடும் என்று சொல்கிறார்கள். சும்மா கையை நீட்டினேன். "சர்க்கரை சரியாத்தான் இருக்கும்மா. ஆனா பின்னாடி வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம்" என்றார் டாக்டர். எப்போது வரும் என்றேன். "வராமலும் போகலாம். தினமும் நடங்க, வருஷா வருஷம் பார்த்துக்கலாம்." திருடன் வந்தாலும் வருவான், கதவையே பார்த்துக்கொண்டிரு என்றது போல இருந்தது.

அன்றிலிருந்து அப்பாவின் காலைப் பார்க்க முடியவில்லை. சர்க்கரையால் விரல் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அவர் ஷூ போடும்போது, நான் என் கால்விரல்களை மடக்கிக்கொள்கிறேன். பயத்தில் அவருடைய சர்க்கரை மிஷினை எடுத்து, சாப்பிடும் முன் ஒரு குத்து, சாப்பிட்டபின் ஒரு குத்து. எப்பவும் சரியாவே காட்டுச்சு, அதனால மிஷின் மேலேயே சந்தேகம் வந்து இன்னொரு குத்து. மிஷின்ல சொருகற அப்பாவோட ஸ்ட்ரிப் எல்லாம் தீர்ந்துபோச்சு. காலி டப்பாவை மூடி அலமாரியில வச்சுட்டேன், வாயைத் திறக்கல. அவர் பார்த்தார், அளக்க முடியாத சர்க்கரை, இல்லாத சர்க்கரைன்னு முடிவு கட்டி, பக்கத்து வீட்டுக் கேக்கை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, தலை சுத்தி நாற்காலியிலேயே சாய்ஞ்சுட்டார். ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினார். "வராத நோய்க்கு நீ வைத்தியம் பாரு. வந்தவன் நான் இங்க கிடக்கறேன்." அம்மா அழுதுகிட்டே, "ரெண்டும் ஒரே அச்சு, வாயை மூடுங்க"ன்னா. அப்பா வீட்டுக்கு வந்துட்டார், நல்லா இருக்கார். அந்த 'ஒரே அச்சு'தான் அக்கா, என்னைத் தூங்க விடல.

அதனால சொல்றேன், நீ அந்தப் பக்கமே போகாதே. கூடப்பிறந்தவங்களும் பார்த்துக்கறது நல்லதுன்னு டாக்டர் சொன்னார், சொல்லிட்டுப் போகட்டும். தெரியாம இருக்கறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு எனக்குத்தான் தெரியும். உன்னை நான் கட்டாயப்படுத்தவே மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தங்கள். நம் வீட்டிலிருந்து அவளுக்கு மூக்கு வந்ததே போதும், வேறெதுவும் வர வேண்டாம்.

உன் பிரியமுள்ள,
தங்கை

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தம் எடுக்க ஒருத்தர் உன் வீட்டுக்கு வருவார். உன் பெயரைக் கொடுத்தது நான்தான். எதுவும் சாப்பிடாமல் இரு; திட்டுவதை அவர் போன பிறகு திட்டு. உனக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன். கொஞ்சம் கோபமும் வரும். தனியாப் பயப்பட முடியலக்கா.