சின்னச்செல்லத்தின் ஏணை

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி முழுவதிலும் கடிமணியத்தைப் போல இத்தனை துணிகளை ருசி பார்த்த மனிதர் வேறொருவர் இருந்திருக்க முடியாது. ஊர்காவற்றுறையில் அவருக்குத் தையல் கடை. துணியைக் கொடுத்தால் விரித்துப் பார்க்க மாட்டார், தடவிப் பார்க்க மாட்டார். நேரே கடைவாயில் வைத்து ஒரு கடி. "கலப்பு" என்பார். அல்லது, "ஒரு தோய்ச்சலிலை சுருங்கும்." பள்ளிக்கூடச் சட்டையானாலும் கலியாணச் சட்டையானாலும் அவர் பல்லுக்குத் தப்பியதில்லை. தைத்து வந்த உடுப்பை என் மனைவி நன்றாகத் தோய்த்த பிறகுதான் போடுவாள்.

என் அக்காவின் மகள் யாழினி கனடாவில் படிக்கிறாள். தனி அறை. துணைக்கு ஒரு சின்சில்லா வளர்த்தாள். அணிலுக்கும் முயலுக்கும் நடுவே, சாம்பல் நிறப் பஞ்சுருண்டை மாதிரி ஒரு பிராணி. கூட்டில் விரித்திருந்த துவாயை அது கொறித்து, நூல் குடலில் சிக்கிச் சாகக் கிடந்தது. ஒருவாறு பிழைக்கவைத்த மிருக வைத்தியர், இனி நூல் பிரியாத துணிதான் போடலாம் என்றுவிட்டார். கடையில் வாங்கிய துணித் தொட்டிலின், எங்கள் ஊர்ப் பேச்சில் ஏணையின், தையலையோ அது ஒரே நாளில் பிரித்துவிட்டது. யாழினி போனில் அழுதாள். எனக்குக் கடிமணியத்தின் நினைவு வந்தது.

கடைக்குப் போய் அதன் படத்தைக் காட்டினேன்.

"உது என்ன, எலியோ?"

"சின்சில்லா, அண்ணை."

"சின்னச்செல்லமோ? நல்ல பேர். என்ன செய்யும்?"

"கிடைக்கிற துணியெல்லாம் கடிக்கும்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இப்போது முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

"எந்தப் பல்லாலை?"

"அது வளர்க்கிற யாழினிக்குத்தான் தெரியும்."

"அப்ப பிள்ளைக்குக் கோல் எடும்."

வீடியோவில் அழைத்தேன். யாழினி தூக்கிக் காட்டிய சின்சில்லா முன்பல்லால் அவள் சட்டைக் கையைக் கொறித்தது. "வாயைத் திறக்கச் சொல்லும், பிள்ளை" என்றார் கடிமணியம்.

"அது சொல்லுக் கேளாது, ஐயா. எனக்கு ஃப்ளீஸ்தான் வேணும்."

"பிளீஸ் எண்டெல்லாம் கெஞ்ச வேண்டாம். ஏணை தைச்சுத் தாறன்."

அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஃப்ளீஸ் என்பது குளிர்நாட்டுப் போர்வைத் துணி. வெட்டினாலும் நூல் பிரியாது. லண்டன் உறவினர் விட்டுப்போன போர்வை ஒன்று எங்கள் அலுமாரியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைவாயை விட்டுவிட்டு, வீடியோவில் கண்டது போலவே முன்பல்லால் கறுக்குக் கறுக்கென்று கொறித்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணைக்குப் பசியோ? பாண் ஏதும் வாங்கித் தரட்டோ?" என்றார்.

தைத்த ஏணையையும் கொறித்தார். ஒரு மூலையில் நூல் பல்லில் மாட்டியது. முழுவதையும் பிரித்து, தையல் எல்லாம் உள்ளே மறையும்படி திரும்பத் தைக்கத் தொடங்கினார். அனலைதீவிலிருந்து படகேறி வந்த கலியாணப் பெண்ணொருத்தி கதிரையில் காத்திருந்து களைத்துப்போனாள்.

"ஐயா, என்ரை சட்டை எப்ப முடியும்?"

"பொறும் பிள்ளை. உம்மட சட்டையை ஆரும் கடிக்கப் போறதில்லை."

"நீங்கள் ஏற்கெனவே கடிச்சுப்போட்டியளே."

ஏணை கனடா போய்ச் சேர்ந்தது. சின்சில்லா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. செய்தியைச் சொன்னேன். கடிமணியம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு, "அதுக்கு அந்நிய மணம் பிடிக்கேல்லைப் போல. ஏணையைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கப் பிள்ளைக்குச் சொல்லும். அவவின்ரை மணம் ஏறட்டும்" என்றார். அதற்குப் பிறகு வந்த துணிகளை அவர் கடிக்காமலே வாங்கி வைத்தார். ஊரே பயந்துபோனது. சுகமில்லையோ என்று என்னை நிறுத்தி விசாரித்தார்கள்.

சில நாள் கழித்து ஒரு பின்னேரம் யாழினி வீடியோ அனுப்பினாள். நான் கடைக்கு ஓடினேன். ஏணைக்குள் அந்தப் பஞ்சுருண்டை சுருண்டு கிடந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

கடிமணியம் மெசினை நிற்பாட்டினார். றேடியோவை நிற்பாட்டினார். உரத்துப் பேசிக்கொண்டு உள்ளே வந்த ஒருவரைக் கையமர்த்தினார்.

"மெதுவாக் கதையும். சின்னச்செல்லம் படுத்திருக்கு."

"அண்ணை, இது நேற்று எடுத்த வீடியோ" என்றேன். நானும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.