ஆட்டுத்தொடைக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்ட விவகாரம்

டோகோரோவா,
14 ஜூன் 2014

அன்பு மகள் பிப்பாவுக்கு,

உன் பெரியப்பா மெர்வ் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா நோலீனும் சுகம். நீ இருக்கும் டனீடினில் குளிர்காலப் பனி கொட்டுகிறது என்று செய்தியில் பார்த்தோம். கம்பளிச் சட்டை இல்லாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போகாதே. முப்பது வருஷமாக உனக்கு வந்த பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் பெரியம்மா எழுதி நான் கையெழுத்து மட்டும் போட்டவை. அப்படிப்பட்டவன் உட்கார்ந்து ஒரு முழுக் கடிதம் எழுதுகிறேன் என்றால் காரணம் நன்றிதான். எங்கள் மகன் டீனின் மூளையை நீ மீட்டுக் கொடுத்திருக்கிறாய்.

போனில் பாதிக் கதைதான் சொன்னேன். டீனும் என்னைப் போல மரலாரி ஓட்டுகிறவன். கம்பெனியில் திடீரென்று ஒரு பிளாஸ்டிக் கோப்பையை நீட்டி, சிறுநீர் நிரப்பிக்கொண்டு வா என்பார்கள். கஞ்சா இழுத்தது தெரிந்தால் வேலை போச்சு. அதனால் இவன் ஒரே நாளில் யோக்கியனாகிவிட்டான்! கஞ்சாவை விட்டுவிட்டு, மூலைக்கடையில் பாலுக்கும் பன்னுக்கும் பக்கத்தில் பகிரங்கமாக விற்ற, புகைக்கிற மூலிகைக் கலவைக்கு மாறினான். பாக்கெட் மேல் பச்சைக்கிளி. கேட்டால் ரசீதுகூட உண்டு. கோப்பைச் சோதனையில் அது பிடிபடவும் இல்லை. சட்டம் சரி என்கிறது, கடைக்காரர் சிரித்துக்கொண்டே தருகிறார், கம்பெனி சுத்தம் என்று சான்று கொடுக்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படித்தான் ஒழுங்காக இருப்பது என்று அவன் நினைத்ததில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் தேநீர்ப் பானை குளிர்பெட்டிக்குள் போனது, லாரிச் சாவி வெண்ணெய்க்குள் கிடைத்தது, ஒருநாள் ஆடே இல்லாத சாலையில் முப்பது டன் மரத்தோடு லாரியை நிறுத்தி, மந்தை கடக்கட்டும் என்று பத்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்ததற்கு, "ஆட்ட மிரட்டாதீங்கய்யா!" என்று இறங்கிச் சண்டை வேறு.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. கிளப்பில் சீட்டுக் குலுக்கி இறைச்சியைப் பரிசாகத் தரும் வழக்கமான இறைச்சிக் குலுக்கல். இருபது வருஷமாக வெறும் சாசேஜ்கூட விழாத நம் குடும்பத்துக்கு அன்றைக்குப் பார்த்து ஆட்டுத்தொடை விழுந்தது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். இவன் அதை மடியில் கிடத்தித் தடவிக்கொண்டே, மூச்சு விட மாட்டேன் என்கிறது என்று அழ ஆரம்பித்தான். கூட லாரி ஓட்டும் ராஸ், "டேய், அது செத்து நாலு நாளாச்சுடா, அடுப்புல வைக்கிறத விட்டுட்டு..." என்று பிடுங்கப் பார்த்தான். இவன் விடவில்லை. போனை எடுத்து அவசர ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டான். எதிர்முனையில் அந்தப் பெண், "நோயாளி பேசுறாரா சார்?" என்று கேட்க, "பிளாஸ்டிக் சுத்தியிருக்கும்மா, எப்படிப் பேசும்?" என்றானாம். அவள் பிளாஸ்டிக் சுற்றிய ஏதோ குழந்தை என்று நினைத்து வண்டியைப் பறக்க விட்டாள். வந்த ஆட்கள் தொடையைப் பார்த்துத் திட்ட வாய் திறந்த அதே நொடியில் இவன் வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கீழே விழுந்தான். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றது. அந்தத் தொடை மட்டும் விழாமல் போயிருந்தால் இன்றைக்கு யாருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன்?

ஆஸ்பத்திரியில் கண்விழித்து, பக்கத்தில் இருந்த நோலீனைப் பார்த்து, "நீங்க யாரு மேடம்?" என்று கேட்டான். அவள், "இத்தன வருஷமா உன் காலுறையத் தொவைக்கிறவ" என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். கஞ்சா நரம்பணுவின் வாசல் மணியை மெல்லத் தட்டிவிட்டுப் போகும், இந்தச் செயற்கைச் சரக்கு மணி மேல் வைத்த விரலை எடுக்கவே எடுக்காது, பாக்கெட்டுக்குப் பாக்கெட் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது என்று நீ விளக்கினாய். கண்ணாடித் தட்டில் நீ வளர்க்கும் நரம்பணுக்களின் படம் இரண்டு அனுப்பினாய். முதல் படத்தில் கிளையும் கொடியுமாக ஒரு காடு. அந்தச் சரக்கை ஊற்றிய பிறகு எடுத்த இரண்டாவதில் அங்கங்கே மொட்டை அடிக்கட்டை. "தட்டுல நடக்கிறது தலைக்குள்ளயும் அப்படியே நடக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் பெரியப்பா. ஆனா நடக்காதுன்னு எவனும் எழுதிக் குடுக்க மாட்டான்" என்றாய். மரம் வெட்டிய மலை எப்படியிருக்கும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டீன் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அழுதான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அன்றிலிருந்து நாற்பத்து மூன்று நாள், அவன் அதைத் தொடவில்லை. முதல் வாரம் வியர்வை, வாந்தி, யாரைக் கண்டாலும் எரிச்சல். இப்போது கை நடுக்கம் குறைந்திருக்கிறது. லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்; மறுபடி ஓட்டுவானா என்பது தெரியாது. போன மாதம் சட்டமும் விழித்துக்கொண்டு அந்தக் கிளியைக் கடைகளிலிருந்து துரத்திவிட்டது. சட்டத்துக்கு முன்னால் நீ விழித்திருந்தாய், மகளே. உன் தட்டுகளில் செத்த ஒவ்வொரு அணுவுக்கும் நான் கடமைப்பட்டவன். நீ நூறு வயது இருக்க வேண்டும், உன் ஆய்வுக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. உன் அம்மாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
மெர்வ் ஹாஸ்கின்

பி.கு.: பெரியம்மா இதைப் படித்துவிட்டுத் தபால்தலை தர மாட்டேன் என்கிறாள். ஆகவே ஒரு சின்னத் திருத்தம். மேலே டீன் என்று வரும் இடங்களிலெல்லாம் நான் என்று படித்துக்கொள். டீன் பாவம், பீர்கூடக் குடிக்காதவன். அவனிடம் இதைச் சொல்லிவிடாதே. அறுபத்தொரு வயதுக்காரன் தன் பேரில் இதையெல்லாம் எழுத வெட்கப்பட்டேன். யார் என்று நான் கேட்டது முப்பத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவளை. நன்றியை மட்டும் திருத்த வேண்டாம். அது முதல் வரியிலிருந்தே என்னுடையதுதான்.