மூன்றாவது பனைமரத்தில் இடப்பக்கம்

சகலை என்கிற உறவை ஏற்படுத்தியவர்கள் பொறாமைக்கென்றே அதை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேரைப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, எதிரில் நின்று குடும்பமே ஒப்பிட்டுப் பார்க்கும். யார் இலையில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு விழுகிறது என்பதில் ஆரம்பிக்கிற எரிச்சல், சாகும்வரை ஆறாது.

என் சகலை தயாளன், என் மனைவி மல்லிகாவின் தங்கை புருஷன். அவன் காரும் பங்களாவும் வாங்கியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். பாவி, நடக்க ஆரம்பித்தான்.

அவன் பெண்டாட்டி நர்ஸ். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மூலையில் வேலை கிடைத்தது. வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் பின்னாலேயே விமானம் ஏறிவிட்டான். ஒரு மாதா கோயில், ஒரு தபால் ஆபீஸ், ஒரு மதுக்கடை, ஒரு பஸ் நிறுத்தம். அவ்வளவுதான் அந்தக் கிராமம். சனிக்கிழமைகளில் அவளுக்கு டியூட்டி, இவனுக்கு லீவு. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் இவன் பஸ் ஏறிப் போய் எங்கேயாவது இறங்கி, காட்டு வழியாகவும் வயல் வழியாகவும் நடந்துவிட்டு, வேறொரு ஊரில் பஸ் பிடித்துத் திரும்பி வருவான். வந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதுவான்.

"இன்றைய நடை: பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநரிடம் ஆலைப் பாலம் என்று சொன்னால் நிறுத்துவார். இறங்கி வலப்பக்கம் மரப்படி ஏறி வேலியைத் தாண்டினால் ஆட்டு மேய்ச்சல். ஓடையை ஒட்டியே சென்றால் நீலப் பூக்கள் விரிந்த காடு. தரை கெட்டியாக இருக்கும், கவலை வேண்டாம். முடிவில் தேநீர்க் கடை. அதன் வாசலிலேயே திரும்பும் பஸ்."

அந்த நாட்டில் அடுத்தவன் வயலுக்குள் புகுந்து நடக்கச் சட்டமே வழி விட்டிருக்கிறதாம். நடக்கிறவர்கள் தாண்டுவதற்காக வேலிக்கு வேலி மரப்படி கட்டி வைத்திருக்கிறார்களாம். மாடு முறைக்குமாம், மாட்டுக்காரன் முறைக்க மாட்டானாம். (ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாதாம். இதைப் படித்த அன்று நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.)

நானோ வடசென்னை டோல்கேட்வாசி. வீட்டை விட்டு இறங்கினால் துறைமுகம் வரைக்கும் கன்டெய்னர் லாரி வரிசை. எதிர்ச்சாரி மருந்துக்கடைக்குப் போவதற்கே குலதெய்வத்தைக் கும்பிட வேண்டும். இதில் ஓடையாவது, நீலப் பூவாவது!

மல்லிகாவுக்கு இதெல்லாம் புரியாது. போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"இன்னாங்க, தயாளனைப் பாத்தீங்களா? தொப்பை இருந்த இடமே தெரியல. நீங்க கீறீங்களே, முனைக் கடையாண்ட போறதுக்கு வண்டி எடுக்கிறீங்க."

இப்படி ஐந்து வருடம் வெந்தேன். பிறகு ஒரு நாள் எண்ணூரில் ஆபீஸ் நண்பர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னல் வழியே கழிமுகம் தெரிந்தது. தண்ணீரில் வெள்ளைப் பறவைகள். போனை எடுத்து ஒரு படம் தட்டினேன். வீட்டுக்கு வந்து பின்னாலிருந்த புகைபோக்கிகளையும் மின்கோபுரங்களையும் வெட்டி எறிந்து பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், இங்கிலாந்து தோற்றது. குழுவில் போட்டு, அவன் பாணியிலேயே எழுதினேன்.

"இன்றைய நடை: டோல்கேட்டிலிருந்து பஸ். கழிமுகத்து நிறுத்தத்தில் இறங்கி, கரையை ஒட்டி நடக்கவும். மூன்றாவது பனைமரத்தில் இடப்பக்கம் திரும்பினால் பறவைகள். தரை கெட்டியாக இருக்கும், கவலை வேண்டாம்."

பனைமரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். எழுதுகிற வேகத்தில் முளைத்தது.

அவ்வளவுதான், குழுவே அதிர்ந்தது. மாமியார் கைகூப்பும் படம் போட்டார். தயாளன், "அண்ணே, பிரமாதம்! நாங்க இருந்தப்போ இந்தப் பக்கமெல்லாம் பாக்காம வுட்டுட்டோமே" என்று எழுதினான். மறுநாள் காலை மல்லிகா எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக அவித்து வைத்தாள். பத்தொன்பது வருட இல்லறத்தில் கேட்காமல் வந்த முதல் முட்டை அது.

முட்டையின் ருசி கண்டவன் நிறுத்துவானா? அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பாட்டிலோடு கிளம்புவேன். நேரே ராயபுரத்தில் நண்பனின் டயர் கடைக்குப் போவேன். அங்கே பத்து மணி வரை கேரம் ஆடிவிட்டு, சட்டையில் முன்னும் பின்னும் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீடு திரும்புவேன். (அக்குளில் கொஞ்சம் அதிகமாகத் தெளிக்க வேண்டும். அதில்தான் இயற்கை இருக்கிறது.) பழவேற்காடு போகிறவன், மீஞ்சூர் போகிறவன் எல்லாரிடமும் படம் கேட்டு வாங்கினேன். இப்படி உட்கார்ந்த இடத்திலேயே ஒன்பது நடை நடந்து முடித்தேன்.

மூன்று வருடம் முன்பு, தை மாதம், தயாளன் லீவில் வந்தான். எனக்கு சாக்லேட்டோ சென்ட்டோ கொண்டுவருவான் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு அட்டைக் கட்டை எடுத்தான். நான் எழுதிய ஒன்பது நடைகளையும் அச்செடுத்து, மழையில் நனையாதபடி லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, அங்க இப்போ என்னோட நடக்கிறவங்கள்லாம் எழுபது வயசுக்காரங்க. ஒங்க நடையெல்லாம் படிச்சுக் காட்டினேன். அசந்து பூட்டாங்க. முதல்ல கழிமுகம் போறோம்."

வெயில் என்றேன். தை மாசத்திலா என்றாள் மல்லிகா. பஸ் வராது என்றேன். நிமிஷத்துக்கு ஒன்று வரும் என்று நானே இன்னொரு நடையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். முட்டி வலி என்றேன்.

"போன வாரம்தானே எட்டு கிலோமீட்டர் நடந்தீங்க?" என்றான் தயாளன். அவன் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நானும் வரேன்" என்றாள் மல்லிகா. "தினம் சொல்றீங்களே, அந்தப் பறவைய நானும் பாக்கறேன்." எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டாள்.

முந்தின நாளே வண்ணாரப்பேட்டையில் பளீரென்று ஒரு வெள்ளை ஷூ வாங்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கழிமுகத்து நிறுத்தத்தில் மூவரும் இறங்கினோம். தயாளன் கணுக்கால் மூடிய கனத்த பூட்ஸோடும் கைத்தடியோடும் நின்றான். அட்டையைப் பார்த்து, "கரையை ஒட்டி நடக்கவும்" என்று சத்தமாகப் படித்தான். நடந்தோம். கரை என்று நான் எழுதியிருந்த இடத்தில் சீமைக்கருவேல முள் இருந்தது. அதைச் சுற்றிப் போனால் கருவாட்டு வாடை. அதையும் தாண்டிப் போனால் சேற்றுப் பரப்பு, தண்ணீர் வடிந்து வெயிலில் மினுமினுவென்று கிடந்தது.

"அண்ணே, மூணாவது பனைமரம்?"

இரண்டு பனைமரம்தான் இருந்தன. அந்த இரண்டும் இருந்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம். அங்கேயே, "மூணாவது புயல்ல பூட்ச்சு, திரும்பிடலாம்" என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் தயாளன் தூரத்தில் தலையில்லாத மொட்டைப் பனை ஒன்றைக் கண்டுபிடித்து, தடியால் சுட்டிக் காட்டினான். "தோ கீது! எவ்ளோ கரெக்டா எழுதியிருக்கீங்க!" மல்லிகா என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வைதான் என்னைக் கவிழ்த்தது. "என் பின்னாடியே வாங்க" என்று மொட்டைப் பனையில் இடப்பக்கம் திரும்பி, வழியே இல்லாத இடத்தில் வழக்கமாக நடக்கிறவனைப் போல வீசி நடந்தேன். முதல் அடி கெட்டியாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் மெத்தென்றிருந்தது. மூன்றாவது அடியில் வலது கால் முட்டி வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன். அது தொடை வரை போனது.

பின்னால் கரையில் நின்றபடி தயாளன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, தரை கெட்டியாக இருக்கும், கவலை வேண்டாம்னு போட்டிருக்கீங்களே?"

"இன்னிக்கு மட்டும் இப்டி கீது" என்றேன், இடுப்பு வரை இறங்கியபடியே.

அப்போதுதான் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ நைனா! ஆடாத! ஆடினா இன்னும் உள்ள பூடுவ!"

இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், இறால் போட்டுவைக்கப் பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். பக்கத்துக் குப்பம், பெயர் தேசம்மா. அவர் நடக்கிற இடம் மட்டும் சேறு என்ன மாயத்தாலோ தாங்கியது.

"இன்னாத்துக்கு இங்க வந்த?"

"நடக்கம்மா."

"நடக்கவா? ரோடு இன்னாத்துக்குக் கீது?" என்றவர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணி ஏறிக்கினு வருது. சொல்றதக் கேளு. அப்டியே குப்புறப் படு."

தண்ணீர் உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. சற்று முன் காய்ந்து கிடந்த சேற்றின் மேல் சிறு சிறு நாக்குகளாக நீண்டு வந்தது. சாகப்போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. பொய்யோடு சாகக் கூடாது என்று ஒரு எண்ணம், எங்கிருந்து வந்ததோ!

"மல்லிகா! என்னை மன்னிச்சுடு! நான் இந்தப் பக்கம் நடந்ததே இல்ல! எந்தப் பக்கமும் நடந்ததில்ல! ஞாயித்துக்கிழமை எல்லாம் டயர் கடைல கேரம் ஆடிக்கினு இருந்தேன்!"

கரையில் தயாளன் அட்டையைக் கீழே இறக்கினான்.

"அப்போ அந்த வேர்வை?" என்றாள் மல்லிகா.

"பாட்டில் தண்ணி."

மல்லிகா என்னை இழுக்க வந்துகொண்டிருந்த தேசம்மாவைப் பார்த்தாள். "யக்கா, அவசரமில்ல. மெதுவா இழுங்க."

தயாளன் தன் தடியை நீட்டினான், தேசம்மா என் அக்குளில் கை கொடுத்தார். குப்புறப் படுத்து, ஆமை மாதிரி கைகளைத் துழாவி, மூக்கிலும் வாயிலும் சேறு அப்ப, ஒருவழியாக மேலே வந்தேன். நான்தான் வந்தேன். வெள்ளை ஷூ வரவில்லை. அதோடு, நாடா போட்ட டிராக் பேன்ட்டும் வரவில்லை. (நாடாவை இறுக்கிக் கட்டினால் தொப்பை தெரியும் என்று தளர்த்தி விட்டிருந்தேன்.)

தேசம்மா வீட்டு வாசல் குழாயில் என்னை நிற்க வைத்து வாளி வாளியாக ஊற்றினார்கள். கட்டிக்கொள்ள ஒரு லுங்கி கேட்டேன்.

"லுங்கியா? கீறது ரெண்டு. ஒண்ணு கட்டிக்கினுதான் எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போய்க்கீறாரு. இன்னொண்ணு ஊறிக்கினு கீது" என்றவர் உள்ளே போய், ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய பூப்போட்ட ஒரு நைட்டியை எடுத்து வந்தார். "பொண்ணுது. தொவைச்சது. போட்டுக்க."

நான் உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, அங்கே ஒரு குடும்பவிழா நடந்துகொண்டிருந்தது. தயாளன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு, தேசம்மா வறுத்துக் கொடுத்த இறாலைத் தின்றுகொண்டிருந்தான். எங்கள் எலுமிச்சை சாதம் எல்லாருக்கும் பங்கு போடப்பட்டிருந்தது. இறாலை எப்படித் தடவிப் பிடிப்பது என்று அவன் கேட்க, தேசம்மா விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசமா நடக்கிறேன் அண்ணி" என்று மல்லிகாவிடம் சொன்னான். "அந்த ஊர்ல இதுவரைக்கும் ஒரு வூட்லயும் உள்ள வந்து ஒக்காருன்னு சொன்னதில்ல. இதான் நான் போனதுலயே நல்ல நடை."

"தங்கமான புள்ள" என்றார் தேசம்மா அவனைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். இறால் தட்டை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினார். மூழ்கியவன் நான். செத்துப் பிழைத்தவன் நான். பாராட்டு அவனுக்கு! எனக்கென்று வைத்திருந்தது நான்கே இறால்.

திரும்புவதற்கு, முன்பக்கம் பிங்க் நிறமடித்த பஸ் வந்தது. பெண்களுக்கு இலவசம். நெரிசலில் மல்லிகாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துத் தலை குனிந்து நின்றேன். கூந்தல் என்று சொல்லிக்கொள்ளக் காதோரம் கொஞ்சம் சேறு. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, மல்லிகாவின் கையில் ஒரு இலவச டிக்கெட்டை வைத்தார். என் நைட்டியின் கையைப் பார்த்து எனக்கும் ஒன்றைக் கிழித்து வைத்தார். முகத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

நான் யோக்கியன் என்று காட்ட நினைத்தேன். "சார், டோல்கேட் ஒண்ணு" என்றேன், என் சொந்தக் குரலில்.

கண்டக்டர் நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார். பிறகு மிகுந்த பரிவோடு, "இருக்கட்டும், வெச்சுக்க. இன்னா கஷ்டமோ!" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்ற தயாளனிடம் காசு கேட்டார்.

பஸ்ஸே சிரித்தது. மல்லிகா கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தாலும், தயாளன் சில்லறை தேடுவதைப் பார்த்தபோது ஒரு சின்ன நிம்மதி. அவன் என் கையிலிருந்த டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க வயசாவற வரைக்கும் பஸ் ப்ரீ கிடையாது அண்ணே. எனக்கு இன்னும் பல வருசம் கீது" என்றான் ஏக்கமாக. "அத எனக்குத் தரீங்களா?"

பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். அந்தச் சந்தோஷத்தில் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, திருப்பதி எதுவானாலும், வேன் கிளம்பும்போது யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: "பெரிய மாப்பிள்ளைக்கு சீட்டு போடணுமா, அவருக்குத்தான் ப்ரீயாச்சே?" மாமியார்கூடக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லிகாவும் நானும் கடற்கரைப் பக்கம் நிஜமாகவே நடக்கிறோம். அவள் முன்னால், நான் பின்னால். வேர்வையைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் காபி.

தயாளன் அந்த டிக்கெட்டை லேமினேஷன் செய்து, தங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து அறிவிப்புப் பலகையில், நடைகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறானாம். போன மாதம் படம் அனுப்பினான். பலகைக்குப் பின்னால் பச்சையாக மேடு, அதன் மேல் ஆடுகள், மேலே வெள்ளை மேகம். டிக்கெட்டுக்கு நல்ல இடம். நான் இன்னும் பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை.