பழக்கூடையோடு போன முதலாளி

போல்ஸ்வார்ட் என்ற டச்சு ஊரில் வீகரின் பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வரும், ஓய்வு மட்டும் வராது. படுக்கையில் விழுந்த உடனே போன் அடிக்கும். "நல்லா ரெஸ்ட் எடும்மா. ஒரே ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பார் முதலாளி வீகர். அந்தச் சின்ன விஷயம் குட்டி போட்டுக்கொண்டே போகும்.

அன்றைக்கு மாட்டியவள் கடைப்பெண் ஃபெம்கா. பாதாம் விழுது எங்கே, பின்கதவுச் சாவி எங்கே என்று காலையிலிருந்து பிடுங்கி எடுத்ததில் அவள் போனையே அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வீகருக்கு நிஜமான தலைவலி உறைத்தது. நாளைக்கு ஸ்கேட்டிங் சங்கத்தின் விழா. சங்கத் தலைவர் ஹெசல் சொல்லிவிட்டுப் போன ரோஸ் ஐசிங் கேக் எத்தனை? கிரீம் வைத்ததா, வைக்காததா?

ஹெசலையே கேட்கலாம்தான். ஆனால் போன வருஷம் அப்படிக் கேட்டதற்கு, பேக்கரிக்காரருக்கு மறதி என்று அந்த மனுஷன் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார். மறுபடி கேட்டால் ஆர்டர் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

வீகர் ஒரு பழக்கூடையைக் கட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி ரென்ஸ்கா. கல்லாவில் நிற்பவள். மற்றவர்களைப் போலவே மாதச் சம்பளம் வாங்குகிறவள்.

"ஃபெம்காவை நலம் விசாரிக்கத்தான். அப்படியே கேக் விஷயத்தையும்..."

"பாவம், அந்தப் பொண்ணை விடுங்க."

"ரெண்டு வார்த்தை பேசினா காய்ச்சல் ஏறிடுமா?"

ரென்ஸ்கா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மாடிக்குப் போனாள். மாடியில்தான் அவர்கள் வீடு. கடைப் போன் அடித்தது.

"முதலாளிங்களா? ரென்ஸ்கா பேசறேன். எனக்கு உடம்பு முடியல. இன்னைக்கு லீவு."

"ஏய், என்ன விளையாட்டு இது? உடம்புக்கு என்ன?"

"அதைக் கேக்க முதலாளிக்கு உரிமை இல்லீங்க. சட்டம்."

போன் வைக்கப்பட்டது. வீகருக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கல்லாவில் நிற்பவளுக்கு ஆர்டர் தெரியாமலா இருக்கும்? கூடையோடு மாடிப்படி ஏறினார்.

ரென்ஸ்கா சோபாவில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். முகம் நன்றாகப் பளபளவென்று இருந்தது.

"யார் வந்திருக்கிறது? புருஷனா, முதலாளியா?"

"புருஷன்தான்."

"அப்ப ஒரு காபி போட்டுக் கொண்டாங்க."

போட்டுக் கொண்டுவந்தார்.

"ரென்ஸ்கா, ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தக் கேக்..."

"பாத்தீங்களா, முதலாளி வந்துட்டார். வெளிய போங்க."

"என் வீட்டை விட்டு நான் எங்கடி போவேன்?"

"கடைக்குப் போங்க. பழத்தை வெச்சிட்டுப் போங்க."

கீழே வாடிக்கையாளர் கூட்டம். ரொட்டி கேட்டவருக்கு பன், பன் கேட்டவருக்குத் திட்டு என்று வீகர் வியாபாரம் செய்தார். இடையிடையே மாடிக்கு ஓடினார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "ஒரே ஒரு சின்ன..." என்றார். ஒவ்வொரு தடவையும் கூடையில் திராட்சை குறைந்திருந்தது. தன் வாயிலிருந்தே அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் அவருக்கே கூச்சமாகிவிட்டது. மதியம் கடந்தும் மாவு பிசையவில்லை. மறுபடி மாடி ஏறிய மனுஷன் வழிக்கு வந்தார்.

"சரி தாயே, உனக்கு என்னதான் வேணும்?"

"உடம்பு முடியாம படுத்திருக்கிற யாருக்கும் இனி போன் பண்ண மாட்டேன், வீட்டுக்கும் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. ஃபெம்காவையும் சேத்துத்தான்."

"என் அடுப்பு மேல சத்தியம். இப்பவாவது சொல்லு, எத்தனை கேக்?"

ரென்ஸ்கா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். "எனக்கென்ன தெரியும்? ஹெசல் வந்தப்ப நான் பல் டாக்டர்கிட்டல்ல இருந்தேன்? ஆர்டர் எடுத்தது ஃபெம்கா."

வீகரின் கை தானாகப் போனுக்குப் போனது. பாதியில் நின்றது.

"அடிப்பாவி! அப்ப நான் யாரைத்தான் கேக்கிறது?"

"ஹெசலைக் கேளுங்க. அவருக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."